தெட்ஃபோர்டு காட்டில் கூடாரமும் மரமேல் சாகசமும்: கோடைப் பயணம் திட்டமிடுவோர் கேட்கும் கேள்விகள்

ஜூலைக் கடைசியில் பள்ளிகள் மூடும் சமயத்தில் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, வால்தம்ஸ்டோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே மாதிரிக் கேள்விகள் வந்து சேருகின்றன. கூடாரம் அடித்துத் தங்க வேண்டும், பிள்ளைகளை மரத்துக்கு மரம் கம்பிவழி போகும் சாகசப் பாதைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க முடியுமா என்பதுதான் சாரம். முடியும். கிழக்கு இங்கிலாந்தின் தெட்ஃபோர்டு காட்டை வைத்துப் பதில் சொல்கிறேன். வேறு காட்டுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஏன் தெட்ஃபோர்டு? லேக் டிஸ்ட்ரிக்ட், வேல்ஸ் எல்லாம் இதைவிட அழகாயிற்றே?

அழகுப் போட்டி என்றால் தெட்ஃபோர்டு தோற்றுவிடும். மலை கிடையாது, அருவி கிடையாது. ஆனால் கிழக்கு லண்டனிலிருந்து எம்11 நெடுஞ்சாலையில் ஏறி, பிறகு ஏ11-ஐப் பிடித்தால் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம். முதல்முறை கூடாரத்தில் படுக்கப் போகும் குடும்பத்துக்கு ஆறு மணி நேரப் பயணம் வேண்டாம் என்பது என் கருத்து. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் வீடு திரும்பும் தூரம்தான்.

இன்னொரு காரணம், இங்கிலாந்தின் மிக வறண்ட வட்டாரங்களில் ஒன்றான பிரெக்லாந்தில் இந்தக் காடு இருப்பது. கோடைப் பயணங்களைக் கெடுப்பதில் மழைக்குத்தான் முதலிடம். இங்கே அதன் தொல்லை மேற்குப் பகுதிகளைவிடக் குறைவு.

காடு என்றதும் ஆதிகால வனத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். முதல் உலகப் போரில் மரத் தட்டுப்பாடு வந்ததால் 1919-இல் வனத்துறை ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த மணற்பாங்கான நிலத்தில் பைன் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். நேராக நெடுநெடுவென்று வளர்ந்த அந்தப் பைன்களே சாகசப் பாதைக்கும் வசதியாகிவிட்டன. கோ ஏப் நிறுவனம் தன் முதல் மரமேல் பாதையை 2002-இல் இந்தக் காட்டில்தான் திறந்தது. பிரான்சில் இதைப் போன்ற ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பதி தொடங்கிய நிறுவனம் அது. இப்போது நாடெங்கும் கிளைகள் இருக்கின்றன.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எந்த நாளில் மரம் ஏறுவது?

இரண்டு இரவு, மூன்று நாள். மரமேல் பாதையை நடுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேம்பிங் எவ்வளவு தளர்வானதோ அவ்வளவு கறாரானது சாகசப் பாதை. பதிவு செய்த நேரத்துக்கு நிற்க வேண்டும். தாமதமானால் உங்கள் குழு போய்விடும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பன்னிரண்டு மணிக்கு மரம் ஏறி, மாலையில் கூடாரம் அடிக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் பலர். ஏ11-இல் மில்டன்ஹால் அருகே உள்ள ஃபைவ்வேஸ் ரவுண்டானாவில் விடுமுறை நாளில் வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்த எவரும் அப்படித் திட்டமிட மாட்டார்கள். நேரத்துக்குப் போய்விட்டாலும், இரண்டு மூன்று மணி நேரம் கயிற்றில் தொங்கிக் கைகள் ஓய்ந்த பிறகு, பசியோடிருக்கும் பிள்ளைகளின் நடுவே முன்பின் பழகாத கூடாரத்தை அடிப்பது குடும்ப அமைதிக்கு நல்லதல்ல.

கடைசி நாளும் சரிப்படாது. அன்று பதினொரு மணி வாக்கில் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் முகாம்களே அதிகம். நடுநாளில் ஏறினால் போகும்போதும் வரும்போதும் கூடாரம் அங்கேயே நிற்கும்.

எப்போது பதிவு செய்வது?

முதலில் மரமேல் பாதைக்கான நேரத்தைப் பாருங்கள், பிறகு முகாமைப் பாருங்கள், இரண்டிலும் இடம் இருப்பது உறுதியானதும் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஆகஸ்டு வங்கி விடுமுறை வாரத்துக்கு ஈஸ்டரிலேயே பார்க்கத் தொடங்குவது நல்லது. செவ்வாய், புதன் கிழமைகளில் கூட்டம் குறைவு. கூட்டத்துக்குப் பயந்து பள்ளி நாளில் பிள்ளைகளை நிறுத்திக் கூட்டிச் செல்ல வேண்டாம். இங்கிலாந்தில் அனுமதியின்றி ஐந்து நாள் விடுப்பு என்றால், 2024 ஆகஸ்டு முதல் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு அபராதம், தாமதித்தால் 160.

காட்டுக்குள்ளேயே பிடித்த இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாதா?

கூடாது. இங்கிலாந்தில் நிலத்தின் உரிமையாளர் அனுமதி இல்லாமல் கூடாரம் அடிக்க உரிமை இல்லை. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பொதுநிலம் மட்டும் விதிவிலக்கு. அங்கேயும் வழக்கு நடந்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது. ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த சட்டம் தாராளமானது. அதைக் கேள்விப்பட்டுத்தான் இங்கும் அப்படியே என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். தெட்ஃபோர்டைச் சுற்றி முறையான முகாம்கள் போதுமான அளவு இருக்கின்றன.

நான்கு பேர் கூடாரம் வாங்கினால் நான்கு பேருக்குப் போதுமா?

நான்கு பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம். ஒரு பை வைக்கக்கூட இடம் இருக்காது. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு பேர் கூடாரம்தான் சரி. வாங்கியதும் ஒருமுறை வீட்டுத் தோட்டத்திலோ பூங்காவிலோ விரித்துப் பாருங்கள். பிரெக்லாந்தின் மண் மணற்பாங்கானது. பெட்டியில் வரும் மெல்லிய முளைகள் பிடிக்காமல் உருவிக்கொண்டு வந்துவிடும். நீளமான முளைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. நிழலுக்கு ஆசைப்பட்டுப் பைன் மரத்தடியில் அடிக்கவும் வேண்டாம். சொட்டும் பிசின் துணியை விட்டுப் போகாது, காற்றடித்தால் கிளையும் முறிந்து விழும்.

ஆகஸ்டில்கூடக் குளிருமா?

குளிரும். முதல்முறை போகிறவர்கள் எல்லாரும் உயரத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். பயணம் பாதியில் முடிந்து வீடு திரும்புகிறவர்களைக் கேட்டால் காரணம் பெரும்பாலும் இரவுக் குளிராகத்தான் இருக்கும்.

பிரெக்லாந்துக்கென்று ஒரு குணம் உண்டு. வறண்ட மணல் பகலில் மேலே மட்டும் சூடாகும்; வெப்பத்தை உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளாது. மேகமில்லாத இரவில் அந்தச் சூடு விரைவாக வெளியேறிவிடும். அதனால் பகலில் 27 டிகிரி அடித்த நாளிலும் விடியற்காலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கக்கூடும். கோடை மாதங்களில்கூட இங்கே தரையில் உறைபனி விழுந்ததுண்டு.

மேலே போர்த்திக்கொள்வதைவிடக் கீழே விரிப்பதே முக்கியம். காற்றடைத்த மெத்தை மெத்தென்றிருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரை அப்படியே முதுகுக்குக் கொண்டுவரும். மெத்தைக்கு மேலே ஒரு நுரைப்பாயோ தடித்த கம்பளியோ விரியுங்கள். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன் மேலுள்ள எண்களில் ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற எண் உயிர் பிழைப்பதற்கான அளவு, உறங்குவதற்கானது அல்ல. படுக்கும் முன் உலர்ந்த உள்ளாடையும் காலுறையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பகலில் வியர்த்த துணியோடு படுக்கும் பிள்ளைதான் மூன்று மணிக்கு எழுந்து அழும். ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாவை எடுத்துவர வெட்கப்படாதீர்கள்.

முகாமில் மின்சாரம் உண்டு என்கிறார்கள். ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

மின் இணைப்புள்ள இடமாகப் பதிவு செய்தால் கொண்டுபோகலாம், கணக்குத் தெரிந்திருந்தால். பல முகாம்களில் ஓர் இடத்துக்கு 10 ஆம்பியர் தருகிறார்கள். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 2300 வாட். சில இடங்களில் 6 ஆம்பியர்தான். அது 1380 வாட். சிறிய ரைஸ் குக்கர் 400 முதல் 700 வாட்டுக்குள் இருக்கும், தாராளமாக ஓடும். வீட்டுக் கெட்டில் 3000 வாட். போட்டால் இணைப்பு துண்டிக்கக்கூடும். கேம்பிங்குக்கென்றே விற்கும் குறைந்த வாட் கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். நீல நிறப் பிளக் உள்ள தனிக் கேபிளும் தேவை. வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்லில் இழுத்துவிடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

முதல்நாள் இரவுக்கு வீட்டிலிருந்தே புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இரண்டுக்கும் குளிர்ப்பெட்டி வேண்டாம். இரண்டாம் நாளுக்கு வறுத்த ரவையும் தாளிப்புப் பொருட்களும் ஒரே டப்பாவில் கலந்து எடுத்துப்போனால், கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடத்தில் உப்புமா. யாழ்ப்பாணத்து வீடுகளில் சீனிச் சம்பல் ஒரு போத்தல் இருந்தால் பாணோடு காலை உணவு முடிந்தது. மரம் ஏறும் நாளில் காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். இடுப்பில் வார் இறுக்கிக் கட்டுவார்கள்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கூடாது. மழை வந்தது என்று கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்ததுபோல் தோன்றும் கரி மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. குளிருக்குக் கணப்பாக இருக்கட்டும் என்று அதை உள்ளே வைத்துத் தூங்கிய குடும்பங்கள் இந்த நாட்டிலேயே உயிரிழந்திருக்கின்றன. வெளியிலும், காய்ந்த பைன் ஊசிகள் விரிந்து கிடக்கும் காட்டில் ஒரு பொறி போதும். காட்டில் தீ மூட்டக் கூடாது. முகாமில் அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே.

மரமேல் பாதையில் உண்மையில் என்னதான் செய்வார்கள்?

முதலில் ஹெல்மெட்டும் இடுப்பு, தொடை சேர்த்துப் பூட்டும் வாரும் அணிவிப்பார்கள். அந்த வாரிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. இதற்குக் காரபினர் என்று பெயர். தரையை ஒட்டிய சிறிய பயிற்சிப் பாதையில் கொக்கியை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று காட்டி, உங்களையும் செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு கயிற்றேணி. அதில் ஏறி முதல் மேடையை அடைந்ததும் அடுத்த மரம் வரை ஏதாவது ஒரு வழியில் கடக்க வேண்டும்: ஆடும் பலகைகள், ஒற்றைக் கம்பி, தொங்கும் வளையங்கள், விரித்த வலை. ஒவ்வொரு பகுதியும் ஜிப் வயரில் சறுக்கித் தரையிறங்குவதோடு முடியும். கீழே மரச்செதில் குவித்திருப்பார்கள். பெரும்பாலானோர் அதில் பின்புறமாக விழுந்து, முடியெல்லாம் செதிலோடுதான் எழுந்திருப்பார்கள்.

கைவலிமை வேண்டும் என்று நினைப்பார்கள். உண்மையில் கால்களால் நின்று, கையால் சமநிலை பார்த்துப் போகிறவர்களுக்குக் களைப்பு குறைவு. கம்பியை இறுக்கிப் பிடித்துத் தன் எடையை இழுத்துக்கொண்டே போகும் திடகாத்திரமான அப்பாக்கள் பாதியில் சோர்ந்துவிட, பத்து வயதுப் பெண் பிள்ளைகள் துள்ளிப் போவதை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம்.

கொக்கியைத் தப்பாக மாட்டினால்? பாதுகாப்பை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. அடிப்படை விதி: இரண்டு கொக்கிகளில் ஒன்று எப்போதும் கம்பியில் இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி மாட்டி முடித்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். பழைய முறையில் இது முழுக்க உங்கள் கவனத்தை நம்பி இருந்தது. இப்போது பல இடங்களில் ஒன்றை மாட்டினால்தான் மற்றது திறக்கும்படி ஒன்றோடொன்று இணைந்த கொக்கிகளோ, தொடக்கம் முதல் முடிவு வரை கழற்றவே தேவைப்படாத தொடர் இணைப்போ வந்துவிட்டன. எந்த முறை என்று பதிவுக்கு முன் கேளுங்கள். கவனம் சிதறும் வயதுப் பிள்ளை இருந்தால் புதிய முறை உள்ள இடத்தையே நான் தேர்ந்தெடுப்பேன், கட்டணம் கூடுதலாக இருந்தாலும்.

உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். 1993-இல் லைம் விரிகுடாவில் கயாக் பயணத்தில் நான்கு மாணவர்கள் இறந்த பிறகு, சிறாருக்கான சாகச நடவடிக்கைகளுக்கு உரிமம் கட்டாயமானது. அந்தச் சட்டம் மலை, குகை, பாறை, நீர் ஆகியவை தொடர்பானது. மரங்களிடையே கட்டிய கயிற்றுப் பாதை அதற்குள் வராது. இதற்குப் பொருந்துவது இஎன் 15567 என்ற ஐரோப்பியத் தரம். கட்டுமானத்துக்கு ஒரு பகுதி, நடத்தும் முறைக்கு ஒரு பகுதி என்று இரண்டு பகுதிகள் கொண்டது. ஆண்டுதோறும் ஆய்வு கோருவது. ‘இஎன் 15567-படி கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது?’ என்று கேட்டால் ஒழுங்கான நிறுவனம் முகம் சுளிக்காமல் சொல்லும்.

வயது, உயரம், எடைக்கு வரம்பு உண்டா?

உண்டு. கோ ஏப்பின் பெரிய பாதைக்குக் குறைந்தது 10 வயது, 1.40 மீட்டர் உயரம். எடை 130 கிலோவுக்கு மேல் கூடாது. சிறியவர்களுக்கான பாதைக்கு 1 மீட்டர் உயரம் போதும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் பதிவுப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உயரக் கட்டுப்பாட்டில் கெஞ்சிப் பயனில்லை: மேலே உள்ள கம்பி கைக்கு எட்டாத பிள்ளையால் கொக்கியை மாற்ற முடியாது. வீட்டிலேயே சுவரோடு நிறுத்தி, காலணி இல்லாமல் அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சிறுவர்களோடு பெரியவர் ஒருவரும் வர வேண்டும். ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் உண்டு. மூன்று பிள்ளைகளும் ஒரே ஒரு பெரியவரும் என்றால் முதலிலேயே விசாரியுங்கள்.

எனக்கு உயரம் என்றால் நடுக்கம். பாதியில் நின்றுவிட்டால்?

நிற்பவர்கள் நிறையப் பேர். பயிற்சியாளர் ஏறி வந்து துணை நிற்பார், தேவைப்பட்டால் கயிற்றில் கட்டி இறக்கிவிடுவார். ஒவ்வொரு பகுதியும் தரையில் முடிவதால், ஒன்றை முடித்துவிட்டு ‘எனக்கு இது போதும்’ என்று சொல்லிப் போகவும் வழி இருக்கிறது. பெரும்பாலானோருக்கு மிகக் கடினமான இடம் ஜிப் வயரின் விளிம்பு, மேடையிலிருந்து தாமாகவே காலை எடுக்க வேண்டிய அந்த நொடி. நின்றபடி குதிக்காமல் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, எடையை வாரிடம் ஒப்படைத்து, பிறகு நழுவிவிடுங்கள். பின்னால் நின்று ‘சும்மா குதி!’ என்று கத்தும் உறவினரை வேறு குழுவில் போடுங்கள்.

என்ன உடுத்துவது? நகைகள், தாலிக்கொடி?

தொடை வார் உரசாதபடி முழங்காலுக்குக் கீழே இறங்கும் பேன்ட், இடுப்பைத் தாண்டும் சட்டை, விரல் மூடிய காலணி. துப்பட்டா, நீளமான ஸ்கார்ஃப் வேண்டவே வேண்டாம். கப்பி சுழலும் இடத்தில் துணி சிக்குவது ஆபத்து. நீண்ட கூந்தலைப் பின்னிச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். மோதிரம், வளையல், தொங்கும் காதணி, செயின் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்ளாடையோடு ஊக்கால் குத்தி, மேலே கழுத்து மூடிய சட்டை போட்டு, பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள். கழற்றத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் அவர் சொல்வதே முடிவு. தோட்ட வேலைக் கையுறை ஒரு ஜோடி உள்ளங்கையைக் காப்பாற்றும்.

மழை பெய்தால்?

சாதாரண மழையில் பாதை நடக்கும், பலகைகள் வழுக்கும். இடி மின்னலுக்கும் பலத்த காற்றுக்கும்தான் மூடுவார்கள்; அப்போது வேறு நாள் தருவதுண்டு. நீங்களாகவே மழைக்குப் பயந்து போகாமல் இருந்தால் பணம் போனதுதான்.

பாம்பு, பூச்சி?

பிரிட்டனில் இயற்கையாக வாழும் ஒரே விஷப்பாம்பு ஆடர் என்ற சிறிய விரியன். இந்த வட்டாரத்திலும் இருக்கிறது; மனிதரைக் கண்டால் விலகி ஓடும். நீங்கள் கவனிக்க வேண்டியது உண்ணி. லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இருப்பதாக அறியப்பட்ட இடங்களில் தெட்ஃபோர்டு காடும் ஒன்று. ஒவ்வொரு மாலையும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், முடியோரம் ஆகியவற்றைப் பாருங்கள். எள்ளளவுதான் இருக்கும். கண்டால் நுனி மெல்லிய சிமிட்டாவால் (ட்வீசர்) தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், மெதுவாக நேராக மேலே இழுக்க வேண்டும். நம் வீடுகளில் கை தானாகப் போகும் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் கூடாது. பின்வரும் வாரங்களில், சில சமயம் மூன்று மாதம் கழித்துக்கூட, கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு விரிந்தால் உண்ணிக் கடியைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அழைத்துப் போகலாமா? மரம் ஏற மாட்டார்களே.

அழைத்துப் போங்கள். படுக்கைக்கு உயரமான மடிப்புக் கட்டிலும், கழிப்பறைக்கு அருகிலான இடமும் முகாமில் கேட்டு வாங்குங்கள். தரையிலிருந்து எழுவது சிரமம் என்றால் முகாமிலேயே மரக் குடில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். சாகசப் பாதை இருக்கும் ஹை லாட்ஜில் சமதரையான நடைபாதைகளும் சிற்றுண்டிச் சாலையும் இருக்கின்றன. கார் நிறுத்தக் கட்டணம் தனி.

அருகில் உள்ள எல்வெடன் கிராமத்துத் தேவாலயத் தோட்டத்தில் சீக்கியப் பேரரசின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் கல்லறை இருக்கிறது. பஞ்சாபைப் பறித்துக்கொண்ட ஆங்கிலேயர் அவரைச் சிறுவனாகவே இங்கே கொண்டுவந்தார்கள். 1863-இல் எல்வெடன் பண்ணையை வாங்கிக்கொண்டு வாழ்ந்தார், 1893-இல் பாரிசில் இறந்தார். தெட்ஃபோர்டு ஊருக்குள் ஆற்றின் நடுவே குதிரை மேல் அமர்ந்த அவர் சிலையும் உண்டு. கற்கால மனிதர் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் சிக்கிமுக்கிக்கல் தோண்டிய கிரைம்ஸ் கிரேவ்ஸ் சுரங்கங்களும் பக்கம்தான். அம்மா மேலே புல்வெளியில் 400-க்கும் மேற்பட்ட குழிகளின் தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பேரப்பிள்ளைகள் 9 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் பார்க்கலாம்.

கார் இல்லாமல் போக முடியுமா?

தெட்ஃபோர்டு, பிராண்டன் இரண்டிலும் ரயில் நிலையம் உண்டு, கேம்பிரிட்ஜிலிருந்து வரும் பாதையில். அங்கிருந்து டாக்ஸி. கூடாரமும் அடுப்பும் தூக்கிக்கொண்டு போவது கடினம் என்பதால், தயாராக அடித்துவைத்த கூடாரம் தரும் இடத்தைப் பாருங்கள். திரும்பும் டாக்ஸியை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். காட்டுக்குள் போன் எப்போதும் கிடைக்காது.

பிள்ளைகள் இரவில் தூங்குவார்களா?

ஜூலைக் கடைசியில் ஒன்பது மணி வரை வெளிச்சம். ஐந்து மணிக்குச் சூரியன் வந்துவிடும். கண்ணை மறைக்கும் துணிப்பட்டை எடுத்துப் போங்கள். ஆகஸ்டு 12, 13 தேதிகளில் போகிறவர்கள் பிள்ளைகளைத் தூங்க வைக்கவே முயல வேண்டாம், பெர்சீட் எரிகற்கள் விழும் உச்ச இரவுகள் அவை. ஆனால் பத்து, பத்தரைக்கு மேல் பேச்சுச் சத்தம் கூடாது என்பது முகாம்களின் எழுதிய விதி. கூடாரத் துணி எதையும் தடுக்காது, நம் குடும்பக் கதைகள் எல்லாம் பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்கும்.

திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியது ஏதாவது?

காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கூடாரத்தை அன்றைக்கே மாடிப்படிக் கைப்பிடியிலோ துணிக்கொடியிலோ விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். உண்ணிக்காகப் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது இன்னொரு முறை பாருங்கள். துணிகளைச் சூடான உலர்த்தியில் போட்டு எடுங்கள்.